“அரண்மனை இன்று மூடல்” என்று பாங்காக்கில் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்

பாங்காக் போகப்போகிறவர்கள், அதிலும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கிராண்ட் பேலஸ் மதிலை ஒட்டி நீங்கள் நடந்துகொண்டிருக்கும்போது, வாசலுக்குச் சற்று முன்னாலேயே, நன்றாக உடுத்திய ஒருவர் வந்து “இன்று அரண்மனை மூடல்” என்பார். மூடியிருக்காது. காலை 8.30 மணிக்குத் திறந்து மாலை 3.30 வரை டிக்கெட் கொடுக்கிறார்கள், வாரத்தில் ஏழு நாளும். அரச குடும்பச் சடங்குகளுக்காக மூடுவது அபூர்வம். அப்படியே மூடினாலும் அதைச் சொல்ல வேண்டியவர் வாசலில் நிற்கும் சீருடைக் காவலர். வழியில் வந்து பேசுகிறவருக்கு அந்த வேலை இல்லை.

அந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கி எங்களுக்கு 32,000 பாட் போனது. நம் பணத்தில் அப்போது ஏறத்தாழ 80,000 ரூபாய்.

அப்பாவின் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு அவரையும் அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். காலை பத்து மணி இருக்கும், வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நா ப்ரா லான் சாலைப் பக்கம் நடக்கும்போது ஒருவர் எதிரே வந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பள்ளி ஆசிரியர் என்றார். அம்மாவைப் பார்த்துக் கைகூப்பி வணங்கினார். எந்த ஊர் என்று கேட்டார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். இன்று பிக்குகளின் விசேஷப் பிரார்த்தனை, மதியம் ஒரு மணி வரை தாய்லாந்துக்காரர்களுக்கு மட்டும் அனுமதி, வெளிநாட்டவர்கள் அதற்குப் பிறகுதான் போகலாம் என்றார். தாய்லாந்துக்காரர்கள் சிலர் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்ததும் அவர் சொன்னதோடு பொருந்தி வந்தது.

எங்கள் வரைபடத்தை வாங்கிப் பேனாவால் மூன்று இடங்களைச் சுழித்தார். நிற்கும் பெரிய புத்தர், அதிர்ஷ்ட புத்தர் என்று ஒரு சின்னக் கோயில், மூன்றாவதாக அரசாங்க ரத்தினக்கல் ஏற்றுமதி மையம். மூன்றாவதைப் போகிற போக்கில்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற டுக்டுக்கை, அதாவது அந்த ஊர் ஆட்டோவை, கைதட்டி அழைத்தார். இது அரசாங்க டுக்டுக், மூன்று இடமும் சுற்றி ஒரு மணிக்கு இங்கேயே கொண்டுவந்து விடும், மொத்தம் 40 பாட் என்றார்.

இந்த 40 பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டாரத்தில் பக்கத்துத் தெருவுக்குப் போகவே வெளிநாட்டவரிடம் 100 பாட் கேட்பார்கள். மூன்று மணி நேரம் மூன்று பேரை 40 பாட்டுக்குச் சுற்றிக்காட்டினால் பெட்ரோல் செலவுக்கே காணாது. மீதியைக் கடை கொடுக்கிறது. ஆள் கொண்டுவந்து விட்டாலே டிரைவருக்குப் பெட்ரோல் கூப்பன், நீங்கள் வாங்கினால் அதற்கு மேல் கமிஷன். ரத்தினக்கல் கடை, தையற்கடை இரண்டுக்கும் இதே ஏற்பாடுதான்.

முதல் இடம் வாட் இந்தரவிஹான். 32 மீட்டர் உயரத்தில் நிற்கும் புத்தர், உண்மையான கோயில், பார்க்க வேண்டிய இடம். அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. கோயிலுக்கும் இந்த ஏமாற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் நிஜமான ஓர் இடத்தை முதலில் காட்டிவிட்டதால் அந்த ஆசிரியர் மேல் எங்களுக்கு நம்பிக்கை கூடிவிட்டது.

இரண்டாவது இடத்தில் நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. சின்னக் கோயில், கூட்டமே இல்லை. திண்ணையில் ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் எங்களைக் கூப்பிடவில்லை, சிரிக்கக்கூட இல்லை. நானாகப் போய், அரண்மனை இன்று மூடல் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டேன். ஆமாம், ஒரு மணிக்குத் திறப்பார்கள் என்றார் சாதாரணமாக. பிறகு அவரே பேச்சைத் தொடர்ந்தார். வியாபார விஷயமாகச் சிங்கப்பூர் புறப்படுகிறாராம், அதற்கு முன் கும்பிட வந்தாராம். மைத்துனன் சென்னையில் படித்தானாம். ஏற்றுமதி மையத்தில் வரியில்லாத விற்பனைக்கு இன்றுதான் கடைசி நாள், போன தடவை வாங்கிய கற்களைச் சிங்கப்பூரில் இரட்டிப்பு விலைக்கு விற்றேன் என்றார். எங்களை வாங்கச் சொல்லவில்லை. ‘உங்களுக்கு நேரம் இருக்காது’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவரும் அவர்கள் ஆள்தான். ஒருவர் சொன்னதைச் சம்பந்தமில்லாத இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்ப்பது நம் வீடுகளில் எல்லோரும் செய்கிற காரியம். அதைத் தெரிந்துகொண்டே அந்த இன்னொருவரையும் உட்கார வைத்திருக்கிறார்கள். டிரைவர் கொண்டுபோய் இறக்கும் இடத்தில் இருக்கும் யாரிடம் கேட்டாலும் அது சரிபார்த்ததாகாது. அரண்மனை திறந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் டிக்கெட் கவுண்டர் வரை நடந்து போய்ப் பாருங்கள், இல்லை, தங்கியிருக்கும் ஹோட்டலுக்குப் போன் செய்யுங்கள். இந்த இரண்டைத் தவிர வேறு வழி எதையும் நம்ப வேண்டாம்.

கடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயர்ப் பலகையில் அரசாங்கம் என்ற தொனி வரும்படி எழுதியிருந்தது, உள்ளே ஏசி, குடிக்க ஆரஞ்சு ஜூஸ், சுவரெல்லாம் சட்டம் போட்ட சான்றிதழ்கள். விற்பனைப் பெண் முதலில் நீலக்கல்லைத்தான் எடுத்து வைத்தார். நீலம் எல்லோருக்கும் ஒத்துக்காது, ஜாதகம் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று அம்மா கையால் தொடவே இல்லை. நான் அதை எப்படியோ ஆங்கிலத்தில் விளக்கினேன். அந்தப் பெண் தட்டை உள்ளே வைத்துவிட்டு மாணிக்கத் தட்டை வெளியே எடுத்தார். இந்தியர்கள் நிறைய வருகிறார்கள், மாணிக்கம் அவர்களுக்கு ராசி என்றார். தங்கைக்குத் தோடும் பதக்கமும் செய்ய வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

பிறகு சோதனை என்று ஒன்று காட்டினார். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கல்லை வைத்து இழுத்தார், கண்ணாடியில் கீறல் விழுந்தது. போலியாக இருந்தால் கீறுமா என்று கேட்டார். அப்பா அந்தக் கீறலை நகத்தால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். கார்டில் 32,000 பாட் கட்டி மாணிக்கங்களை வாங்கிவிட்டோம். இந்தச் சோதனையால் ஒரு பயனும் இல்லை என்று இப்போது தெரிகிறது. மாணிக்கம், நீலம் இரண்டும் குருந்தம் என்ற ஒரே கனிமம். தரம் கெட்ட குருந்தமும் கண்ணாடியைக் கீறும், ஆலையில் உருக்கிச் செய்த செயற்கைக் குருந்தமும் கீறும். செயற்கை மாணிக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சந்தைக்கு வந்துவிட்ட சரக்கு.

கற்களைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம், கையில் கொண்டுபோனால் திருட்டுப் பயம் என்றும் சொன்னார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அது எங்கள் நல்ல காலம். நீங்கள் ஊர் வந்து சேர்ந்த பிறகே பார்சலைப் பிரிக்க வேண்டும், அதற்குள் கடைக்கு நேரில் திரும்பிப் போகும் வாய்ப்பு போய்விட வேண்டும் என்பதற்காகத்தான் தபால்.

அரண்மனைக்குத் திரும்பியபோது மணி இரண்டரை. காவலரிடம் கேட்டால், காலையிலிருந்து திறந்துதான் இருக்கிறது என்றார். அந்நியர்கள் சொல்வதை நம்பாதீர்கள் என்ற எச்சரிக்கை வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் படிக்கும் தூரத்துக்கு நீங்கள் வருமுன்பே இவர்கள் மறித்துவிடுகிறார்கள். ஆளுக்கு 500 பாட் கொடுத்து உள்ளே போய் மரகத புத்தர் கோயிலை ஓட்டமும் நடையுமாகப் பார்த்தோம். அப்போதும் ஆசிரியர் டுக்டுக் கமிஷனுக்காகப் பொய் சொன்னார் என்றுதான் நினைத்தோம். கல் மேல் சந்தேகமே வரவில்லை.

மதுரை வந்து தெற்காவணி மூல வீதியில் எங்களுக்குப் பழக்கமான ஆசாரியிடம் கொடுத்தோம். லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தபோது கல்லுக்குள் நீலமாக ஒரு மினுக்கு ஓடியது. எனக்கும் காட்டினார். உள்ளே நுண்ணிய குமிழிகளும் தெரிந்தன. “தம்பி, கல்லு கல்லுதான். ஆனா வெடிப்பு முழுக்கக் கண்ணாடியை ஊத்தி அடைச்சிருக்கான். நான் இதுல நெருப்புக் காட்டினாலோ அமிலத்துல போட்டாலோ பால் மாதிரி வெளுத்துப்போகும். கட்டித் தர மாட்டேன்” என்று பொட்டலத்தை மடித்து அம்மா கையில் கொடுத்துவிட்டார்.

ஆய்வுக்கூடத்தில் கொடுத்தோம். ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் என்று அறிக்கை வந்தது. 2004 வாக்கில் சந்தைக்கு வந்த முறை இது. வெடிப்பும் மங்கலுமாக இருக்கும் மலிவுக் கல்லில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பினால் பார்வைக்குத் தெளிந்துவிடும். எலுமிச்சைச் சாறு பட்டாலே நிரப்பிய கண்ணாடி அரிக்கும். சூடேற்றி நிறம் கூட்டிய மாணிக்கம் வேறு, அதைச் சொல்லி விற்பது வியாபாரத்தில் ஏற்றுக்கொண்ட வழக்கம். கண்ணாடி நிரப்பியதை அதன் விலைக்கு, அதுவும் சொல்லிவிட்டு விற்றாலும் குறையில்லை. எங்களுக்கு விற்ற கடையின் சான்றிதழில் ‘இயற்கை மாணிக்கம்’ என்ற இரண்டே சொற்கள்தான் இருந்தன. முழுப் பொய் என்று யாரும் நிரூபித்துவிட முடியாத அந்த இரண்டு சொற்களுக்குள்தான் அவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அரண்மனைக்குப் போக டுக்டுக்கே வேண்டாம். எம்ஆர்டி மெட்ரோ ரயிலின் நீல வழித்தடத்தில் சனாம் சாய் நிலையம் 2019-லிருந்து இருக்கிறது. இறங்கினால் வாட் போ கோயில் பக்கம், அங்கிருந்து அரண்மனைக்கு நடக்கிற தூரம்தான். ஆற்று வழியாகப் போக ஆசையிருந்தால் பிடிஎஸ் மேம்பால ரயிலில் சபான் டக்சின் நிலையத்தில் இறங்கிச் சாத்தோன் படகுத்துறையில் ஆரஞ்சுக் கொடிப் படகில் ஏறித் தா சாங்கில் இறங்கலாம். அம்மா அப்பாவுக்கு இதுதான் சுகம், காற்றும் வரும். டாக்சி என்றால் மீட்டர், சாதாரண டாக்சிக்கு ஆரம்பக் கட்டணம் 35 பாட். மீட்டர் வேலை செய்யவில்லை என்று சொன்னால் உடனே இறங்கிவிடுங்கள். சுவர்ணபூமி விமான நிலையத்தில் தரைத்தளத்தில் (அங்கே அதற்கு எண் 1) இயந்திரத்தில் சீட்டு எடுத்துத்தான் டாக்சி ஏற வேண்டும். அந்தச் சீட்டை டிரைவரிடம் கொடுத்துவிடாமல் நீங்களே வைத்திருங்கள், பின்னால் புகார் என்றால் அதுதான் ஆதாரம். மீட்டருக்கு மேல் 50 பாட் விமான நிலையக் கட்டணமும் சுங்கமும் நியாயமானவை, அதற்குச் சண்டை போட வேண்டாம். இல்லையென்றால் போனில் வண்டி அழைக்கும் கிராப், போல்ட் செயலிகள் இருக்கின்றன.

பட்டாயா போகிறவர்கள் ஜெட் ஸ்கீ, பைக் எதை வாடகைக்கு எடுத்தாலும் பாஸ்போர்ட்டை அடகாகக் கொடுக்காதீர்கள். பழைய கீறலுக்குப் புதிதாகப் பணம் கேட்டு மடக்கும்போது அந்தப் பாஸ்போர்ட்தான் அவர்கள் பிடி.

கல் வாங்கியே தீர வேண்டும் என்றால், பாங்காக்கில் சீலோம் சாலையிலேயே தாய்லாந்து ரத்தின, நகைக் கழகத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே சோதித்து அறிக்கை வாங்கின பிறகுதான் முழுப் பணம் என்று கடையில் சொல்லிப் பாருங்கள். மழுப்பினால் வெளியே வந்துவிடலாம். அதே சீலோமில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, அந்த வட்டாரத்தில் காயல்பட்டினத்துக்காரர்கள் தலைமுறைகளாகக் கல் வியாபாரம் செய்கிறார்கள். தமிழிலேயே விவரம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், இன்னும் ஊர் திரும்பவில்லை என்றால் தாமதிக்காமல் 1155-க்குப் போன் செய்யுங்கள். சுற்றுலாக் காவல்துறையின் எண் அது, ஆங்கிலத்தில் பேசலாம். பில், கார்டு ரசீது, கல் மூன்றையும் எடுத்துக்கொண்டு அவர்களோடு கடைக்குப் போனால் பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பிவர வாய்ப்பு உண்டு. விமானம் ஏறிவிட்டால் அந்தப் பலம் போய்விடும். எங்கள் மின்னஞ்சலுக்கு, கல்லை நேரில் கொண்டுவந்தால் பரிசீலிக்கிறோம் என்று மட்டும் கடையிலிருந்து பதில் வந்தது.

வங்கியில், பொருள் சொன்னபடி இல்லை என்ற பிரிவில் புகார் கொடுத்து, ஆய்வறிக்கையையும் கடையின் சான்றிதழையும் இணைத்திருக்கிறேன். நீங்களே பின் எண் போட்டு வாங்கியது என்பது அவர்களின் முதல் பதில். மேல்முறையீடு செய்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை. இதே மாதிரி வெளிநாட்டில் ஏமாந்து கார்டு வழியாகப் பணத்தைத் திரும்பப் பெற்றவர்கள் யாராவது இருந்தால், வேறு என்ன ஆவணம் கொடுத்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.