அச்சு அகராதியா, கைப்பேசி அகராதியா?

மதுரையில் போட்டித் தேர்வுக்கு ஆங்கிலம் படிப்போர் பலருக்கு இத்தயக்கம் உண்டு.

செலவு: கைப்பேசிச் செயலிகள் பலவும் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சு அகராதியை விலைகொடுத்து வாங்க இயலாதவர்கள், புது நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் அமர்ந்து புரட்டலாம்.

வேகம்: ஐயமின்றிக் கைப்பேசியே.

அண்டைச் சொற்கள்: அச்சு அகராதி முந்துவது இங்கேதான். கல்லூரி முதல்வரையும் கடனின் அசலையும் குறிக்கும் 'பிரின்சிபல்' என்னும் சொல்லைத் தேடுபவரின் கண்ணில், சற்றுக் கீழேயே கொள்கையைக் குறிக்கும் 'பிரின்சிபிள்' பட்டுவிடுகிறது. 'ஸ்டேஷனரி' இன்னும் சிக்கலானது. ஒலி ஒன்றாகவே இருக்க, 'ஆர்' எழுத்துக்கு முன் 'ஏ' நின்றால் அசையாதிருப்பது என்றும், 'இ' நின்றால் எழுதுபொருள் என்றும் பொருள் மாறுகிறது. (கடைப் பலகைகளிலும் இவை இடம் மாறி நிற்பதுண்டு.) செயலியோ தட்டிய சொல்லுக்கு மட்டும் பொருள் காட்டுவதால், எழுத்தை மாற்றித் தட்டியவருக்குத் தம் பிழை தெரியாமலே போகக்கூடும்.

உழைப்பு: தாள் பழுத்தாலும் தையல் விட்டாலும் அச்சு அகராதிக்கு மின்னேற்றம் தேவையில்லை.

எழுத்துக்கூட்டலில் மதிப்பெண் இழப்போர் அச்சு அகராதியை வாங்குவதே நல்லது; பேருந்தில் நாளிதழ் படிப்போருக்கும் உச்சரிப்பைக் கேட்டறிய விரும்புவோருக்கும் கைப்பேசி போதும்.