மூன்று புள்ளிக்குள் போன ஒரு வார்த்தை

தினம் காலையில் வேதாகமத்திலிருந்து ஒரு வாக்குத்தத்த வசனம், அதாவது ஆண்டவர் தருவேன் என்று சொன்ன ஒரு வரி, அனுப்பும் ஆப் ஒன்றை ஏழெட்டு மாதமாகப் போனில் வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். இந்த ரகத்தில் நிறைய இருக்கின்றன, ஒன்றை மட்டும் சொன்னால் மற்றதெல்லாம் தப்பித்துக்கொள்ளும்.

ஆப் என்ற அளவில் குறை சொல்ல முடியாது. எழுத்து பெரிதாக இருக்கிறது, விளம்பரம் குறுக்கே வருவதில்லை, நெட் இல்லாமலும் முழு வேதாகமம் திறக்கும். ஒலி வாசிப்பில் வாசிப்பவர் குரலில் நாடகம் போடாமல் நிதானமாக வாசிக்கிறார், அது பெரிய விஷயம்.

சிக்கல் அந்தக் காலை வசனத்தில்தான். ஒரு நாள் மாற்கு 10:30 வந்தது. சூரிய உதயப் படம், மேலே என் பெயர், கீழே "இம்மையிலே... நூறத்தனையாக, வீடுகளையும்" என்று தொடங்கி நிலங்கள் வரை. வாட்ஸப்பில் நாலு பேருக்கு அனுப்பியும் விட்டேன். அப்புறம் என்னவோ தோன்றி, அதே ஆப்பின் வேதாகமப் பகுதியில் அந்த வசனத்தைத் திறந்து பார்த்தால், மூன்று புள்ளி வைத்த இடத்தில் "துன்பங்களோடேகூட" என்று இருக்கிறது. இடம் போதவில்லை என்று சொல்ல வழியில்லை, படத்தில் பாதி வெறும் வானம். நூறு மடங்கை வைத்துக்கொண்டு, அதோடு சேர்த்து இயேசு சொன்ன ஒரே ஒரு வார்த்தையை யாரோ உட்கார்ந்து யோசித்து எடுத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொன்றையும் சரிபார்க்க ஆரம்பித்தேன். எரேமியா 29:11 மாதம் ஒரு முறையாவது வரும், சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம், அதற்கு முந்தின வசனத்திலேயே 70 வருஷம் என்று கணக்கு சொல்லியிருக்கிறது, கேட்டவர்களில் பலர் திரும்பி வருவதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். இங்கே அதுவே "இந்த வாரம் உன் கதவு திறக்கும்" என்ற தலைப்பில் வருகிறது. தலைப்பு வாரியாகத் தேடும் வசதியும் உண்டு: வேலை, திருமணம், கடன், சுகம், வெளிநாட்டுப் பயணம். மனந்திரும்புதல் இல்லை. சிலுவை என்று அடித்துத் தேடினால் இரண்டே அட்டை, இரண்டும் என் சாபம் நீங்கியதைப் பற்றி. நூறு நாள் விடாமல் திறந்தால் பெயருக்குப் பக்கத்தில் தங்கக் கிரீடம் வேறு. நானும் வாங்கினேன், வெட்கம்தான்.

சரி, ஆப்பை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்த மாதத்தில் நான் 'வேலை' என்ற தலைப்பை மட்டும் தேர்வு செய்து வைத்திருந்தேன், அதாவது ஆண்டவர் என்னிடம் எதைப் பற்றிப் பேசலாம் என்று நானே டிக் அடித்துக் கொடுத்திருந்தேன். வேலை கிடைக்கவில்லை. கோபம் முதலில் ஆப் மேல் வந்தது, அப்புறம் ஆண்டவர் மேல். இத்தனை நாள் விடாமல் திறந்தேனே, ஜெபித்தேனே என்று. யோபு புத்தகத்தில் சாத்தான் கேட்கும் முதல் கேள்வி, "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" ஒரு லாபமும் இல்லாமலா என்று அர்த்தம். யோபைப் பற்றி அவன் போட்ட கணக்கு தப்பு. என்னைப் பற்றிக் கேட்டிருந்தால் சரியாகத்தான் இருந்திருக்கும்.

அந்த வாரம் யோவான் 6-ஐ ஒலி வாசிப்பில் போட்டுக் கேட்டேன். முந்தின நாள் இயேசு கொடுத்த அப்பம் தின்ற கூட்டம் படவு ஏறிக் கப்பர்நகூம் வரை அவரைத் தேடிக்கொண்டு வருகிறது. வந்தவர்களைப் பார்த்து, அப்பம் புசித்துத் திருப்தியானதினால்தான் தேடுகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். அத்தியாயம் முடிவதற்குள் சீஷர்களிலேயே அநேகர் பின்வாங்கிப் போகிறார்கள், அவர் பின்னால் ஓடவில்லை, இன்னும் இரண்டு அப்பம் தருகிறேன் என்று கூப்பிடவும் இல்லை. பன்னிருவரைப் பார்த்து நீங்களும் போகிறீர்களா என்று கேட்கிறார். பேதுருவின் பதிலில் வீடும் நிலமும் வரவே இல்லை, "யாரிடத்தில் போவோம்" என்கிறான், போக்கிடம் இல்லாதவன் பேசுவது மாதிரி. அந்த இடத்தில் வாசிப்பவர் ஒரு நொடி நிறுத்தினார், சரியாக அப்போது திரையின் மேலே ஒரு அறிவிப்பு வந்து விழுந்தது: உங்கள் ஆசீர்வாதம் காத்திருக்கிறது, இப்போதே திறக்கவும்.

வாசிப்புப் பகுதிக்காக மட்டும் இரண்டு நட்சத்திரம். ஆப்பை இன்னும் நீக்கவில்லை, அந்தக் குரலுக்காக வைத்திருக்கிறேன். காலை அறிவிப்பை அணைக்கும் இடத்தை முதல் பக்கத்தில் தேடாதீர்கள், அமைப்புகளுக்குள் போய்க் கடைசி வரை தள்ளினால் சின்ன எழுத்தில் இருக்கிறது. அணைத்ததும் "ஆசீர்வாதத்தை இழக்க விரும்புகிறீர்களா?" என்று கேட்கும். ஆம் என்று அழுத்த வேண்டும்.