நுரையீரல் மாதிரி கிட்: பலூன் இருக்கட்டும், சீட்டை ஒதுக்கி வையுங்கள்

சென்னை பாரிமுனைப் பக்கம் ஸ்டேஷனரிக் கடைகளில் பள்ளி புராஜெக்ட்டுக்கென்று விற்கும் ரகம் இது. அடி நறுக்கிய 1 லிட்டர் பாட்டில், ஒய் (Y) வடிவக் குழாய், 2 சிறு பலூன், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானத்துக்கு ஒரு ரப்பர் ஷீட், ஓட்டை அடைக்கக் களிமண், ஒரு விளக்கச் சீட்டு.

முதல் குறை பாட்டில். தண்ணீர் பாட்டில் போல மெல்லிசு. ரப்பரைக் கீழே இழுத்தால் பலூன் விரிவதற்குப் பதில் பாட்டிலின் பக்கம் உள்ளே ஒடுங்குகிறது. உள்ளே இடம் கூடினால்தானே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று குழாய் வழியே பலூனுக்குள் வரும்? கூல்டிரிங்ஸ் வரும் 2 லிட்டர் பாட்டில் கெட்டி. அதை நறுக்கி, வெட்டிய விளிம்பில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் கிழியும்.

களிமண் காய்ந்ததும் வெடித்துக் காற்று கசியும். எம்-சீல் மேல். ஆனால் மூடியின் வழவழப்பில் அதுவும் லேசில் பிடிக்காது; உப்புத்தாளால் தேய்த்து, குழாய் இறுக்கமாக நுழையும் அளவுக்கே ஓட்டை போட்டு, ஒரு ராத்திரி விட வேண்டும். பலூன்களை ஒருமுறை வாயால் ஊதித் தளர்த்திய பிறகே மாட்டவும். கசிவு பார்க்க, ரப்பரை இழுத்து 10 விநாடி அப்படியே பிடியுங்கள். பிடித்திருக்கும்போதே பலூன் சுருங்கினால் எங்கோ காற்று உள்ளே வருகிறது.

இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. சீட்டுதான் உண்மையான கெடுதல். 'பலூன் நுரையீரல், பாட்டில் மார்புக்கூடு' என்று எடுத்த எடுப்பிலேயே விடையைச் சொல்லிவிடுகிறது. பிள்ளைகளுக்குப் பேச ஒன்றும் மிச்சமில்லை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹெஸ்டெனஸ் குழு வளர்த்த 'மாடலிங்' என்ற அறிவியல் கற்பித்தல் முறையில் மாணவர் குழுவுக்கு ஒரு வெள்ளைப் பலகை தருவார்கள். நினைத்ததை வரைந்து, மற்றவர் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆண்டர்சன் தெருவில் வாங்கும் சார்ட்டை லேமினேட் செய்தால் அதுவே பலகை. 4 பேருக்கு ஒரு கிட், ஒரு சார்ட் போதும்.

இழுக்கும் முன்பே என்ன நடக்கும் என்று வரையச் சொல்லுங்கள். 'காற்று உள்ளே போவதால் நெஞ்சு விரிகிறது' என்பார்கள் பலர். நெஞ்சு விரிவதால் காற்று உள்ளே போகிறது என்று அவர்களே வந்து சேர, பாட்டில் பக்கத்தில் ஊசியால் ஓட்டை போட்டுக் காட்டலாம். ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கினால் பலூன் அசையவே அசையாது. காற்று ஓட்டை வழியே பாட்டிலுக்குள் வந்துவிடும். நெஞ்சில் குத்துப்பட்டவருக்கு மூச்சு ஏன் திணறுகிறது என்ற கேள்வி தானாக வரும். பிறகு செலோடேப்பால் ஒட்டிவிடலாம்.

அடுத்து, மாதிரி எங்கே பொய் சொல்கிறது என்று கேளுங்கள். விலா எலும்பு அசையும், பாட்டில் அசையாது. உதரவிதானம் ஓய்வில் மேல்நோக்கிக் கவிந்திருக்கும், சுருங்கும்போது தட்டையாகும். இங்கே தட்டையான ரப்பர் கீழே தொங்குகிறது. நுரையீரல் பலூன் போல வெற்றுப்பை அல்ல, பஞ்சு மாதிரி. பெரியவர் ஒருவர் ஓய்வில் இழுக்கும் ஒரு மூச்சு ஏறக்குறைய 500 மி.லி.; இந்தப் பலூனில் எவ்வளவு என்று தண்ணீர் ஊற்றி அளந்து பார்க்கலாம்.

கிட்டாக வாங்காமல் உதிரியாகச் சேர்ப்பதே மேல். ஒய் குழாய்க்குப் பதில் கொளத்தூர் மீன் தொட்டிக் கடைகளில் ஏர் டியூபும் டி (T) வடிவக் கனெக்டரும் கிடைக்கும். துளை சிறியது, பலூன் மெதுவாக விரியும், அவ்வளவுதான். வாங்கும்போதே மூன்று பக்கமும் ஊதிப் பாருங்கள். உள்ளே பிசிறு அடைத்த பீஸும் வரும்.