பனியாற்றுப் படகு என்று 2,80,000 பெசோவைக் கறந்துவிட்டார்கள்: புவெர்ட்டோ நத்தாலெஸ் போகிறவர்கள் கவனிக்க!

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சிலியின் தென்கோடியில், உல்திமா எஸ்பெரான்சா கடற்கழியின் கரையில் இருக்கிறது புவெர்ட்டோ நத்தாலெஸ். இங்கே ஒரு சுற்றுலா முகவர் கடை எங்கள் இருவரிடமும் 2,80,000 பெசோவை, நம் கணக்கில் ஏறக்குறைய 25,000 ரூபாயை, வாங்கிக்கொண்டு கைவிரித்துவிட்டது. பெயர் போடவில்லை. கடைவீதியில் இப்படிப் பல கடைகள்; எல்லாவற்றின் கண்ணாடியிலும் ஒரே பனியாற்றுப் படம்தான்.

பல்மசேதா, செர்ரானோ பனியாறுகளுக்குச் சாலை கிடையாது, படகில்தான் போக வேண்டும். கடைக்காரர் தேனொழுகப் பேசினார். சூடாகக் காப்பி கொடுத்தார். மேசையில் வரைபடத்தை விரித்து, கடற்கழி நெடுக நீல மையால் கோடு இழுத்து, இரண்டு பனியாறுகளையும் வட்டமிட்டுக் காட்டினார். "காற்று பலமாக அடித்தால் கடற்படையின் துறைமுக அலுவலகம் படகுகளை நிறுத்திவிடும். அப்படி நேர்ந்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவேன்" என்று அவராகவே சொன்னார். நாங்கள் கேட்கவேயில்லை! அந்தப் பேச்சில்தான் நம்பிக்கை விழுந்தது. ரொக்கமென்றால் தள்ளுபடி என்றார், கொடுத்தோம். ரசீதில் தொகையும் ஒரு கிறுக்கலும் மட்டும். படகின் பெயர் இல்லை.

விடியற்காலையில் கைப்பேசிக்குச் செய்தி வந்தது: பலத்த காற்று, துறைமுகம் மூடல். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் தகரக் கூரைமேல் கொடி துவண்டு தொங்கியது. கரைக்கு நடந்தோம். பழைய மரத்துறையின் மிச்சக் கட்டைகள்மேல் நீர்க்காகங்கள் சாவகாசமாக உட்கார்ந்திருந்தன, தண்ணீரில் அலையே இல்லை. படகுத்துறையிலோ படகு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது! பட்டியல் வைத்திருந்த பெண் தாளை இரண்டு முறை புரட்டிவிட்டு, எங்கள் பெயர் இல்லை, துறைமுகம் மூடப்படவும் இல்லை என்றார். பணத்தை வாங்கியவர்கள் இடமே பதிவு செய்யவில்லை.

கடையில் கேட்டால், "அது வேறு நிறுவனத்தின் படகு." சரி, பணம்? "முதலாளி புந்தா அரேனாஸில் இருக்கிறார்." அது பஸ்ஸில் 3 மணி நேரத் தூரம். மாலை ஐந்துக்கு வரச் சொன்னார்கள். போனால் கதவில் பூட்டு. மறுநாள் அதே நாற்காலியில் வேறொருவர். பணமெல்லாம் தர முடியாது, வேண்டுமானால் மிலோதோன் குகைக்கு வேன் அனுப்புகிறோம் என்றார், ஏதோ தர்மம் செய்கிறவரைப்போல.

அந்த வேனும் ஏமாற்றுதான். குகைக்கு நுழைவுக் கட்டணம் தனி என்பதை வாசலில்தான் தெரிந்துகொண்டோம். வழிகாட்டி வரவில்லை. குகையைக் குறை சொல்ல மாட்டேன். 1895இல் ஹெர்மன் எபர்ஹார்ட் என்பவர் அழிந்துபோன மிலோதோன் விலங்கின் தோலைக் கண்டெடுத்த இடம் அது. 200 மீட்டர் ஆழம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். ஆனால் வெளியே வந்தால் வேனைக் காணோம். ஊர் 24 கிலோமீட்டர் தள்ளி. முன்பின் தெரியாத ஒரு குடும்பம் இரக்கப்பட்டுக் காரில் ஏற்றிக்கொண்டது. நான் அனுப்பிய செய்திகளைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்த கடைக்காரர்கள், இப்போது என் எண்ணையே தடுத்துவிட்டார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ரொக்கம் கொடுக்காதீர்கள். ரசீதில் படகின் பெயரும் பணம் திருப்பும் நிபந்தனையும் எழுதித் தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். துறைமுகம் மூடல் என்றால் கரைக்கே போய்ப் பாருங்கள். முடிந்தவரை படகு நிறுவனத்திடமே டிக்கெட் வாங்குங்கள். சிலியின் நுகர்வோர் அமைப்பான செர்னாக்குக்குப் புகார் எழுதப்போகிறேன். அதற்கு முன் இன்னொரு முறை கடைக்குப் போகிறேன். 2,80,000 பெசோவை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.