தலைப்புக் குழுவா, திறந்த ஸ்டுடியோவா?

"படம் வரையறது சின்னப் புள்ளைங்க வேலை இல்லீங்களா?" குடியை நிறுத்த மறுவாழ்வு மையத்துக்கு வந்த, சேலம் குகைப் பக்கத்துத் தறிக்காரர் முதல் நாளே கேட்டார். அப்புறம் ஸ்கேல் கேட்டார். கொடுக்கவில்லை.

படம் வரைவதன் வழியே மனத்தைத் தேற்றும் கலை சிகிச்சையைக் குழுவாகச் செய்ய முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. தலைப்புக் குழுவில் அதே எட்டுப் பேர், அதே நேரம், ஒரே தலைப்பு. வரைந்து முடித்ததும் பேச்சு. திறந்த ஸ்டுடியோவில் விரும்பியபோது வரலாம், விரும்பியதை வரையலாம், யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். இங்கிலாந்தின் நெதர்ன் மனநல மருத்துவமனையில் 1946 முதல் ஓவியர் எட்வர்ட் ஆடம்சன் நடத்தியது இந்த இரண்டாவது வகை. 'கலை சிகிச்சை' என்ற பெயரை 1942-இல் வைத்த ஏட்ரியன் ஹில்லும் ஓர் ஓவியர்தான், காசநோய்க்காக சானடோரியத்தில் படுத்திருந்தவர். தொழிலைத் தொடங்கி வைத்தவர்களில் ஓவியர்கள் இருந்ததால்தானோ என்னவோ, ஸ்டுடியோக்காரர்களுக்கு இன்றும் கேள்வி கேட்பது பிடிக்காது.

சில வாரமே தங்கும் மறுவாழ்வு மையத்துக்கு என் ஓட்டு தலைப்புக் குழுவுக்கு. ஒருநாள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெரிய தாள் விரித்தோம். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர் மூலையில் கையகல இடத்தில் சங்கிலிக் கண்ணிகளைப் பொடிப்பொடியாகப் போட்டுக்கொண்டிருந்தார். தறிக்காரர் இழுத்து வந்த சாலை அதன் பக்கத்தில் வந்ததும் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவு மாதிரி திரும்பிவிட்டது.

"ஏனுங்க சுத்திப் போனீங்க?"

"அழிஞ்சுருமேன்னுதான்."

ஒரு வாரமாக ஒரே அறையில் படுத்தும் இருவரும் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. பேச்சை மட்டும் நம்பிய குழுவில் இருவரும் விட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கறுப்பு என்றால் சோகம், சிவப்பு என்றால் கோபம் என்று நாமாக அர்த்தம் சொல்லியிருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்காது. வரைந்தவரையே கேட்க வேண்டும்.

நீண்ட காலம் மனநோயோடு இருப்பவர்களுக்கும், பிறர் தன்னைப் பார்ப்பதே பாரமாக இருப்பவர்களுக்கும் ஸ்டுடியோதான் சரி. ஆனால் அதற்குத் தனி அறை, தண்ணீர்க் குழாய், படங்களைப் பூட்டி வைக்க அலமாரி, நாள் முழுக்க ஒரு ஆள் எல்லாம் வேண்டும். நம் ஊர் மையங்களில் பெரும்பாலும் அலமாரியிலேயே கதை முடிந்துவிடும்.

மூன்றாவதாக ஏற்காட்டு ரிசார்ட் பயிலரங்கு: இரண்டு நாள், ஏரி, கேன்வாஸ், காபி. தாராளமாகப் போய் வாருங்கள்; அதைச் சிகிச்சைக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள். பிரிட்டனில் கலை சிகிச்சையாளர் என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பதிவு இல்லாமல் போட்டுக்கொள்ள முடியாது. இந்தியாவில் 2021-இல் வந்த சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் நடன சிகிச்சையாளரோடு சேர்த்து ஒரே வரியில் கலை சிகிச்சையாளரையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆனாலும் போர்டை மட்டும் நம்பாமல் எங்கே படித்தார், யார் மேற்பார்வையில் செய்கிறார் என்று கேளுங்கள். வரைந்த படங்கள் எங்கே போகும் என்பதையும் கேளுங்கள். "வாட்ஸ்அப் குரூப்ல போடுவோம்" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.