பழைய டீசல் பிக்கப்: பார்த்தேன், வாங்கவில்லை

ஒன்பது வருடம் ஓடிய டீசல் பிக்கப் வண்டி ஒன்றை வாங்கலாமா என்று பார்க்கப் போனேன். நான் வருவது தெரிந்து முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் டீசல் வண்டியின் உண்மை நிலை தெரியும். மறுநாள் காலை சொல்லாமல் போனேன். உடனே ஸ்டார்ட் ஆனது, சரி, ஆனால் லேசான நீலப் புகை நிற்கவே இல்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் முழுசாக எரியவில்லை, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரோ அடைத்த ஏர் ஃபில்டரோ காரணமாக இருக்கலாம். சூடான பிறகும் வெள்ளைப் புகை தொடர்ந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தேன், குபுகுபுவென்று புகை தள்ளியது. பிஸ்டனைச் சுற்றி அடைப்பாக இருக்கும் ரிங் தேய்ந்திருக்கிறது என்பதற்கு முக்கியமான அறிகுறி அது. வேண்டாம் என்று சொல்ல மனசே இல்லை, ஏனென்றால் மற்றதெல்லாம் அருமை: சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) துரு இல்லை, பாரம் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் தொய்யவில்லை, கியர் சிக்காமல் சுலபமாக விழுந்தது. இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவை விலையில் குறைக்கச் சொன்னேன். உரிமையாளர் மறுத்துவிட்டார், நானும் வந்துவிட்டேன்.