வைஃபை போட்டால் லேப்டாப் கொதிக்கிறதா: கேபிளா, செட்டிங்கா, டாங்கிளா, புது கார்டா?

சித்திரை வெயிலில் ஈரோடு, கரூர் பக்கம் தகர ஷீட் ஆபீஸில் எந்த லேப்டாப்பும் சூடாகத்தான் செய்யும். வைஃபையை அணைத்தால் மட்டும் சூடு இறங்குகிறது என்றால் பழி உள்ளே இருக்கும் வைஃபை கார்டின் மேல் விழும். பல சமயம் அது வீண்பழிங்க. கார்டு எடுக்கும் மின்சாரம் பொதுவாக ஓரிரண்டு வாட்தான். நெட் வந்ததும் விண்டோஸ் அப்டேட்டும் பேக்கப்பும் ஓட ஆரம்பித்து பிராசசரைச் சூடாக்கும்.

அதனால்தான் என் முதல் ஓட்டு லேன் கேபிளுக்கு. அது மருந்து மட்டுமல்ல, சோதனையும்கூட. வைஃபையை அணைத்து, அதே நெட்டைக் கேபிளில் கொடுத்து, அதே வேலையைச் செய்து பாருங்கள். சூடு குறைந்தால் குற்றம் கார்டிலோ, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரிலோ இருக்கிறது. குறையவில்லையா, கார்டை விட்டுவிடலாம். லேன் போர்ட் இல்லாவிட்டால் போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டாலும் வேலை நடக்கும். பில் போடும் மேஜையை விட்டு நகராத லேப்டாப்புக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

எடுத்துக்கொண்டு அலைபவர்களுக்கு செட்டிங். டாஸ்க் மேனேஜரில் 'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' (கார்டு போன்ற பாகங்கள் பிராசசரைக் கூப்பிடுவதால் வரும் பாரம்) எப்போதும் உயரத்திலேயே நின்றால் டிரைவர் மேல் சந்தேகப்படலாம். புது டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து எடுத்துப் போடுங்கள். டிவைஸ் மேனேஜரில் கார்டின் 'டிரான்ஸ்மிட் பவர்' (சிக்னல் அனுப்பும் வலிமை) இருந்தால் அதைக் குறைக்கலாம், ஆனால் ரவுட்டர் அதே அறையில் இருந்தால் மட்டும். இரண்டு சுவர் தாண்டி இருக்கும்போது குறைத்தால், போய்ச் சேராத டேட்டாவைத் திரும்பத் திரும்ப அனுப்பி கார்டு இன்னும் உழைக்கும். அங்கே ரவுட்டரைப் பக்கத்தில் நகர்த்துவதே மேல்.

யூஎஸ்பி டாங்கிள், அதாவது யூஎஸ்பி போர்ட்டில் வெளியே செருகும் வைஃபை, கார்டின் சூட்டை வெளியே கொண்டுபோகும், அவ்வளவுதான். விரல்நுனி அளவு டாங்கிள்கள் தாமே நன்றாகச் சுடும். பிராசசரின் பாரமும் குறையாது.

புது கார்டு கடைசி வழி. சமீப வருட லேப்டாப்களில் பெரும்பாலும் 22க்கு 30 மில்லிமீட்டர் எம்.2 கார்டு (எம்.2 என்ற சிறு ஸ்லாட்டில் செருகுவது); சிலவற்றில் போர்டோடு சேர்த்தே வரும், கழற்ற முடியாது. இன்டெலில் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 பெரும்பாலான எம்.2 லேப்டாப்களில் ஓடும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 அதற்கேற்ற இன்டெல் பிராசசர் இருந்தால்தான் ஓடும். பார்க்க ஒன்றுபோல இருக்கும், கடையில் எண்ணைப் படித்து வாங்குங்கள்.

திருப்பூர், பல்லடம், சோமனூர்க்காரர்கள் இதற்கெல்லாம் முன்னால் ஃபேனைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. தறிக்கூடத்திலும் பனியன் கம்பெனியிலும் பறக்கும் பஞ்சு, காற்று வெளியேறும் தகடுகளில் கம்பளிபோல அடைத்துக்கொள்ளும். பேட்டரியைத் துண்டித்து, ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடிக்க வேண்டும்.